வெள்ளைக் கவசத்தில் அழுக்கு எங்கே படியும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மினியேச்சர் வீரர்களுக்கும் வாகனங்களுக்கும் வெள்ளை பூசும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வட சென்னையிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை அடுத்த கட்டத்தைப் பற்றியே கேட்கின்றன: பூசி முடித்த புது வெள்ளையைப் போர்க்களத்தில் நெடுநாள் உழைத்த வெள்ளையாக மாற்றுவது எப்படி? மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளில் ஈடுபட்டிருப்பவர்கள் வெதரிங் என்று சொல்லும் இந்த வேலை எல்லா நிறங்களுக்கும் உண்டு என்றாலும், வெள்ளையில் அது தனிக் கவனம் கேட்கிறது. ஆகவே இந்த இதழை முழுவதுமாக அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, வார்ஹாம்மர் 40,000 விளையாட்டுக்காக வைட் ஸ்கார்ஸ் படையைச் சேர்த்து வருகிறேன். வெள்ளைக் கவசம் கடையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் தெரிந்ததால், அக்ராக்ஸ் எர்த்ஷேட் என்ற பழுப்பு வாஷை உருவம் முழுவதும் பூசினேன். இப்போது டீ சிந்திய வேட்டியைப்போல் கறை கறையாக இருக்கிறது. என் பச்சைப் படைக்கு இதே வாஷ் நன்றாகத்தானே வந்தது? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? – கல்லூரி மாணவர், ராயபுரம்

பதில்: அழிக்க வேண்டாம், தம்பி. உருவம் கெடவில்லை; பாதி வேலை முடிந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

வாஷ் என்பது பள்ளங்களில் ஓடித் தேங்குவதற்காகவே நீர்க்கச் செய்யப்பட்ட நிறம். ஆனால் தோள்பட்டை, முழங்கால் போன்ற அகலமான பரப்பில் அது முழுவதும் வடிந்துவிடுவதில்லை. தேங்கி நின்ற ஈரம் காயும்போது, அதிலுள்ள நிறமி ஈரத்தின் ஓரத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு அங்கே வளையமாகப் படிந்துவிடுகிறது. பச்சைக்கும் பழுப்புக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைவு என்பதால் அந்த வளையங்கள் உங்கள் பச்சைப் படையிலும் இருந்தபோதிலும் கண்ணுக்குப் படவில்லை. வெள்ளைக்குமேல் மெல்லிய பழுப்புக்கூட ஒளிந்துகொள்ள இடமில்லை. மட்டான, அதாவது பளபளப்பில்லாத வெள்ளைப் பரப்பு சொரசொரப்பானது. அது வாஷை உறிஞ்சிப் பிடித்தும் கொள்கிறது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அல்துவான் கிரே போன்ற வெண்சாம்பல் நிறத்தை நன்றாகத் தண்ணீர் சேர்த்து மெல்லிதாக்கி, ஒவ்வொரு கவசத் தகட்டின் நடுப்பகுதியிலும் இரண்டு மூன்று பூச்சுகள் கொடுங்கள். பள்ளத்தையும் அதை ஒட்டிய மயிரிழை அகலத்தையும் தொடாதீர்கள். அங்கே தங்கியிருக்கும் பழுப்புதான் உங்களுக்கு வேண்டிய நிழல். கடைசியில் மேல் விளிம்புகளிலும் முழங்காலின் உச்சியிலும் மட்டும் சுத்த வெள்ளையை வையுங்கள். வெள்ளைக்கு நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு கெட்டியாகப் பூசினால் சுண்ணாம்புப் பொடிபோல் திரிந்து நிற்கும் என்பதால், அவசரப்பட்டு ஒரே பூச்சில் மறைக்க முயல வேண்டாம்.

இனிச் செய்யப்போகும் வீரர்களுக்கு வேறு வழி சொல்கிறேன். சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் செலஸ்ட்ரா கிரே, பிறகு அல்துவான் கிரே என்று படிப்படியாக வெளுத்துக்கொண்டு வாருங்கள். கண் அந்த வெண்சாம்பலையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். சுத்த வெள்ளைக்கு விளிம்புகளில் வேலை மிச்சமிருக்கும். பிறகு பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து, ஒரு முழு நாள் காயவிடுங்கள். வழவழப்பான இந்தப் பரப்பில்தான் நிறம் தேங்காமல் ஓடும். அதன்பின் கேமல் ஆயில் கலரில் ரா அம்பர் என்ற பழுப்பையும் துளி சாம்பலையும் மினரல் டர்பன்டைனில் கரைத்து, மெல்லிய பிரஷின் நுனியால் தகடுகள் சேரும் கோட்டை ஓரிடத்தில் தொட்டால் போதும்; நிறம் தானாகவே கோட்டின் வழியே ஓடுவதைப் பார்ப்பீர்கள். அரை மணி நேரம் கழித்து, டர்பன்டைனில் தொட்டுப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் வெளியே வழிந்ததைத் துடைத்துவிடலாம். கருப்பு வேண்டாம், வெள்ளைக்கு நடுவே கருப்புக் கோடு, பேனாவால் வரைந்த படம்போலக் காட்டிவிடும். வைட் ஸ்கார்ஸ் வீரர்களின் தாய்க்கோளான சோகோரிஸ் பரந்த புல்வெளி என்பதால், அவர்களுக்குப் புழுதி கலந்த பழுப்பு பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. பெயின்ட் கடையில் டர்பன்டைன் கேட்டால் சில நேரம் தின்னர் டப்பாவை எடுத்துக் கொடுப்பார்கள். என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுகளுக்கான கரைப்பான்) பூச்சையும் கரைக்கும், பிளாஸ்டிக்கையும் உருக்கும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளை பூசிய கவச வாகனத்தில் பூச்சு உரிந்த இடங்களையும் துருவையும் ஸ்பாஞ்சால் வைத்தேன். எங்கு பார்த்தாலும் புள்ளிகளாகத் தெரிகிறதே ஒழிய, அடிபட்ட வாகனமாகத் தெரியவில்லை. எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்று விளக்க முடியுமா? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: நீங்கள் இருக்கும் ஊரிலேயே இதற்கான பாடம் நாள் முழுவதும் வரிசையில் நிற்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகக் காத்து நிற்கும் டிரெய்லர்களில் வெள்ளை நிறக் கண்டெய்னர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நடைபாதையில் நின்றபடியே நிதானமாகப் பாருங்கள்.

முதலில் அதன் எட்டு மூலைகளிலும் உள்ள கனத்த இரும்புக் கட்டைகள் தெரியும். கிரேன் பிடித்துத் தூக்குவதும், இன்னொரு கண்டெய்னர்மேல் இறக்குவதும் அவற்றின் வழியாகத்தான் என்பதால், அங்கே வெள்ளை அநேகமாக இருக்காது. அடுத்து கதவுகள். தாழ்ப்பாள் கம்பிகளின் பிடிகள் கைபட்டுக் கைபட்டு மங்கியிருக்கும். பிடி ஆடும் இடத்தில் கதவின்மேல் வில்போல ஒரு கீறல் இருக்கும். அலையலையான பக்கச் சுவரில் முன்னே தள்ளி நிற்கும் மடிப்புகள்தான் உரசுகின்றன; உள்வாங்கிய மடிப்புகளில் பூச்சு அப்படியே இருக்க, மழைநீர் கொண்டுவந்த கருமை மட்டும் செங்குத்தாக இறங்கியிருக்கும். துரு தொடங்குவது கீழ்விளிம்பிலும், கீல்களின் அடியிலும், வெல்டிங் செய்த இணைப்புகளிலும். ஒரு கீலின் அடியிலிருந்து வழியும் துருக்கறையைக் கூர்ந்து பார்த்தால், மேலே அடர்ந்த செம்பழுப்பாகத் தொடங்கி, இறங்க இறங்க வெளிறி, ஒரு சாண் தூரத்தில் வெள்ளையோடு கலந்து மறைவது தெரியும். சுவரின் நடுவே, எதுவும் படாத இடத்தில், பெரிய அளவில் சுத்தமான வெள்ளையும் இருக்கும். அந்தச் சுத்தமான வெள்ளை இல்லாவிட்டால் மற்ற கறைகளுக்கு அர்த்தமே கிடைக்காது. உங்கள் வாகனத்தில் குறைவது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஸ்பாஞ்சைக் கையில் எடுக்குமுன், இந்த வாகனத்தில் யார் எங்கே கால் வைத்து ஏறுவார்கள், எந்தக் கதவு அடிக்கடி திறக்கும், எந்த மூலை சுவரில் இடிக்கும், தண்ணீர் எந்த வழியாக வடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைத்த இடத்தில் மட்டும் கறை வையுங்கள். பதில் இல்லாத இடத்தை விட்டுவிடுங்கள்.

அளவையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 28 மில்லிமீட்டர் உருவங்களோடு நிற்கும் வாகனங்கள் பெரும்பாலும் 1:56 அளவில் வருகின்றன. மாடலில் அரை மில்லிமீட்டர் புள்ளி என்பது நிஜத்தில் 28 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். இரண்டு மில்லிமீட்டர் புள்ளி வைத்தால் உள்ளங்கையைவிட அகலமாகப் பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கிறது என்று பொருள்; அப்படி ஓரிரு இடங்கள் இருக்கலாம், ஐம்பது இடங்கள் இருக்க முடியாது. ஸ்பாஞ்சைக் காகிதத்தில் ஒற்றி ஒற்றி, ஏறத்தாழ நிறமே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்த பிறகே மாடலைத் தொடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்ற நிறங்களில், உரிந்த இடத்தைச் சுற்றி அடிப்படை நிறத்தைவிட வெளிறிய ஒரு விளிம்பு வைத்தால் ஆழம் தெரியும். வெள்ளையைவிட வெளிறியது எதுவும் இல்லாததால், இங்கே அந்த விளிம்பை இளஞ்சாம்பலில் வைக்க வேண்டும். மேலோட்டமான கீறல்களையும் அதே சாம்பலில் முடித்துவிடலாம். ஆழமான காயத்துக்கு மட்டும் அந்தச் சாம்பலுக்குள் அடர்பழுப்பை வையுங்கள். ரைனாக்ஸ் ஹைடு இதற்கு நல்ல நிறம் என்றாலும், வெள்ளையில் கருத்துத் தெரியும் என்பதால் கொஞ்சம் சாம்பல் கலந்துகொள்வது நல்லது. நம் பக்கத்து லாரி, இரும்புக் கேட் எல்லாவற்றிலும் பூச்சுக்கு அடியில் ரெட் ஆக்சைடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: முதலில் வெள்ளை போகும், அடியில் செங்காவி தெரியும், அதுவும் போனபின்தான் இரும்பு. இந்த மூன்று படிகளையும் ஓரிரு பெரிய காயங்களில் காட்டினால் வாகனம் இரும்பால் ஆனது என்று பார்ப்பவர் நம்புவார். அலுமினியத் தகடாக எண்ணிச் செய்யும் பாகத்தில் செந்துரு வராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

துருக்கறை வழிவதற்கு ஆயில் கலரே சிறந்தது. பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பைக் குண்டூசி முனையளவு கீலின் அடியில் வைத்து, சில நிமிடங்கள் கழித்து, டர்பன்டைனில் நனைத்துத் துணியில் ஒற்றிய தட்டையான பிரஷால் மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுங்கள். கண்டெய்னரில் பார்த்த அதே சாயல் வரும்வரை திரும்பத் திரும்ப இழுக்கலாம்; பிடிக்காவிட்டால் முழுவதும் துடைத்தும் விடலாம். ட்யூபிலிருந்து எடுத்த நிறத்தை முதலில் ஓர் அட்டைத் துண்டில் அரை மணி நேரம் வைத்திருந்தால் அதிலுள்ள ஆளிவிதை எண்ணெயின் ஒரு பகுதியை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். நிறம் விரைவாகக் காயும், மினுமினுப்பும் குறையும். வெள்ளைக்கு இது முக்கியம், ஏனென்றால் அந்த எண்ணெய் நாளடைவில் மஞ்சளாகும் தன்மை கொண்டது.

கேள்வி: வார்ஹாம்மர் 40,000 விளையாட்டில் ஸ்பேஸ் மரீன் படையின் மருத்துவரான அப்போதிக்கரி வெள்ளைக் கவசம் அணிகிறார். மற்ற வீரர்களைப்போல் அவரையும் அழுக்காக்க வேண்டுமா? – வாசகர், பெரம்பூர்

பதில்: கால்களில் மற்றவர்களுக்கு இருக்கும் அதே புழுதி அவருக்கும் இருக்க வேண்டும், அவரும் அதே மண்ணில்தான் நடக்கிறார். உருவம் நிற்கும் அடித்தட்டில் எந்த மண் நிறம் பூசியிருக்கிறீர்களோ அதையே பிக்மென்ட் பவுடராகவோ (நிறமிப் பொடி) மெல்லிய பூச்சாகவோ பாதம் முதல் முழங்கால் வரை, மேலே போகப் போகக் குறையும்படி கொடுங்கள். இரத்தக்கறை வைப்பதானால் கருவி ஏந்திய கையிலும், மண்டியிடும் முழங்காலிலும் மட்டும் வையுங்கள். காய்ந்த இரத்தம் பழுப்பாகிவிடும் என்பதால் சிவப்பில் அடர்பழுப்பைக் கலக்க வேண்டும். மார்பும் தோளும் வெள்ளையாகவே இருக்கட்டும். ஆட்டத்தின்போது மேசையின் மறுபக்கத்திலிருந்து அவரை அடையாளம் காண அது உதவும்.

கேள்வி: இரண்டாம் உலகப்போர் ஆட்டத்துக்காகப் பனிக்கால வெள்ளையில் ஜெர்மானிய, சோவியத் டாங்கிகளைச் செய்ய விரும்புகிறேன். பாதி அழிந்த வெள்ளையை பிரஷால் வரைந்தால் செயற்கையாக வருகிறது. என்ன செய்யலாம்? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: திருவொற்றியூர் வாசகரின் வாகனத்தில் இருந்த வெள்ளையும் இந்த வெள்ளையும் வேறு வேறு. அது தொழிற்சாலையில் பூசிய எனாமல். இது பனி விழுந்தபின் களத்திலேயே சுண்ணாம்பையோ சாக்பீஸ் பொடியையோ கரைத்து வாரியலால் அடித்ததுபோல் அடித்தது. பொங்கலுக்கு முன்னால் தெருச்சுவரில் அடிக்கும் வெள்ளை, மழைக்காலம் முடியும்போது எப்படிக் கரைந்து அடிச்சுவரைக் காட்டுமோ அந்த இயல்புதான் இதற்கும். ஆகையால் இங்கே துருவும் ஆழமான காயங்களும் குறைவாகவும், அடியிலுள்ள நிறம் எட்டிப்பார்ப்பது அதிகமாகவும் இருக்க வேண்டும்.

அடிநிறத்தை ஆண்டு பார்த்து முடிவு செய்யுங்கள். ஜெர்மானிய டாங்கிகள் 1943-ஆம் ஆண்டின் தொடக்கம்வரை அடர்சாம்பல் நிறத்தில் இருந்தன. அதன்பின் அடர்மஞ்சள் அடிநிறமாயிற்று. 1941–42 குளிர்காலத்து டாங்கியில் வெள்ளைக்கு அடியில் மஞ்சள் தெரிந்தால் அது பிழை. சோவியத் டி-34 டாங்கிக்கு அடியில் பச்சை.

வெள்ளையை வரைவதைவிட, பூசிவிட்டு உரித்தெடுப்பதே இயல்பாக வரும். அடிநிறம் நன்றாகக் காய்ந்தபின் வார்னிஷால் அதைப் பாதுகாத்துக்கொண்டு, தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து இரண்டு மெல்லிய பூச்சுகள் அடியுங்கள். அது காய்ந்தவுடன் அக்ரிலிக் வெள்ளையைத் தண்ணீரில் கரைத்து, ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாகப் பூசுங்கள். ஹேர் ஸ்பிரே தண்ணீரில் கரையக்கூடியது. வெள்ளை காய்ந்த சிறிது நேரத்திலேயே வெதுவெதுப்பான தண்ணீரை பிரஷால் தடவி ஒரு நிமிடம் விட்டால், ஈரம் மெல்லிய அக்ரிலிக் படலத்தின் வழியே இறங்கி அடியிலுள்ள பிடிமானத்தை இளக்கிவிடும். பிறகு முடி குட்டையான, விறைப்பான பிரஷால் தேய்த்தால் வெள்ளை தானாகப் பெயரும். வெள்ளையைக் கெட்டியாகப் பூசியிருந்தாலோ, ஓரிரு நாள் தள்ளிப்போட்டாலோ பெயராது. ஒரே அமர்வில் முடித்துவிட வேண்டிய வேலை இது.

வீரர்கள் ஏறி இறங்கும் பக்கத் தகடு, மூடிகளைச் சுற்றிய பகுதி, சேறு அடிக்கும் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் அதிகமாகத் தேயுங்கள். பீரங்கிக் கோபுரத்தின் பக்கங்களிலும் கை எட்டாத மூலைகளிலும் வெள்ளை தங்கட்டும். படை எண்ணையும் சின்னத்தையும் மறைக்காமல் அவற்றைச் சுற்றி வெள்ளை அடித்த டாங்கிகளும் இருந்தன. அந்தச் சதுரத்தில் அடிநிறம் கூர்மையாகத் தெரிவது பார்க்க மிக அழகாக இருக்கும்.

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் மகன் இரவில் அறையைச் சாத்திக்கொண்டு டர்பன்டைன் வைத்துப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறான். வீடு முழுக்க வாடை. இதனால் கெடுதல் உண்டா? – ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: உண்டு, அம்மா. மூடிய அறையில் அந்த ஆவியை நெடுநேரம் சுவாசித்தால் தலைவலியும் மயக்கமும் வரும். சன்னலைத் திறந்து வைத்து, மூடியுள்ள சிறிய கண்ணாடிப் புட்டியில் தேவையான அளவு மட்டும் ஊற்றிப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் கொசுவர்த்திக்கும் அருகில் வைக்கக் கூடாது. ஆயில் கலர் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும் என்பதால் அதை விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும். மிச்சமான டர்பன்டைனைக் கழுவுதொட்டியிலும் கால்வாயிலும் ஊற்றாமல் புட்டியிலேயே தெளியவிட்டால், மேலே தெளிந்ததை மறுபடியும் பயன்படுத்தலாம். பிக்மென்ட் பவுடர் தூவும்போது முகக்கவசம் அணிவது அவசியம். கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். இவற்றைக் கடைப்பிடித்தால் அந்தப் பிள்ளை தாராளமாக வண்ணம் பூசலாம்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்கு மிக அருகில் இருக்கிறது. மட்டு வார்னிஷை ஸ்பிரேயாக அடித்தால், பார்த்துப் பார்த்து வைத்த துருவும் நிழலும் புகை படிந்ததுபோல் மங்கிவிடுகின்றன. கோடையிலோ வெள்ளை, பிரஷிலேயே காய்ந்துவிடுகிறது. என்ன வழி? – வாசகர், காசிமேடு

பதில்: இரண்டுக்கும் காரணம் காற்று. ஸ்பிரேயின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் படலத்தில் சிக்கி வெண்படலமாகிவிடுகிறது. வெள்ளைக் கவசத்தில் அது தெரிவதில்லை, அடர்நிறக் கறைகளில்தான் தெரிகிறது. அதனால்தான் வார்னிஷ் கறைகளை மட்டும் கெடுத்ததுபோல் உங்களுக்குத் தோன்றுகிறது. அப்படி மங்கிப்போன உருவத்துக்குப் பளபளப்பு வார்னிஷை பிரஷால் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நிறங்கள் திரும்பத் தெளியும். அதன்மேல் மட்டு வார்னிஷையும் பிரஷாலேயே பூசிவிடலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உங்கள் பகுதியில் ஸ்பிரேயைத் தவிர்ப்பதே நல்லது. மற்ற மாதங்களில், வெயில் ஏறியபின், கடற்காற்று அடிக்கத் தொடங்குமுன், முற்பகலில் அடியுங்கள். பிரஷால் பூசும் மட்டு வார்னிஷில், பளபளப்பைக் குறைக்கும் பொடி புட்டியின் அடியில் தங்கிவிடும் என்பதால் நன்றாகக் குலுக்காமல் பூசினால் வெண்புள்ளிகள் விழும். மரச்சாமான்களுக்குப் பூசும் எண்ணெய் சார்ந்த வார்னிஷ் வேண்டவே வேண்டாம். அது சில காலத்தில் வெள்ளையை மஞ்சளாக்கிவிடும். நீர் சார்ந்த அக்ரிலிக் வார்னிஷ் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

கோடைக்கு ஈரத்தட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள ஆழமில்லாத டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சைப் பரப்பி, அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து, அந்தக் காகிதத்தின்மேல் நிறத்தை வைத்தால் மே மாதத்திலும் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். பிக்மென்ட் பவுடர் பூசிய பகுதிகளில் வார்னிஷ் பட்டால் பொடியின் நிறம் பெரிதும் அடங்கிப்போகும். ஆகவே வார்னிஷ் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு, கைபடாத கால்பகுதிகளில் மட்டும் கடைசியாகப் பொடியைத் தூவி, டர்பன்டைன் ஒரு சொட்டைத் தொட்டு நிலைக்கச் செய்யுங்கள். ஆட்டத்தின்போது உருவத்தைக் காலைப் பிடித்துத் தூக்காமல் அடித்தட்டைப் பிடித்து நகர்த்தும்படி உடன் ஆடுபவரிடமும் சொல்லிவையுங்கள்.